ஒரு மாசத்துல ஆர்வம் வடிஞ்சு போயிருதுண்டு கேட்ட தம்பிக்கு

தம்பி கேட்டத சுருக்கமா சொல்லிடுறேன், மத்தவங்களுக்கும் வெளங்கணும்ல. உசிலம்பட்டி பக்கம் ஊரு, மதுரையில ஒரு காலேஜ்ல பிஎஸ்சி மேத்ஸ் ரெண்டாவது வருஷம், தெனம் பஸ்ல அரப்பாளையம் வந்து போறாப்ல. ஸ்கூல் படிக்கையில இந்தி சபா பரீட்சை மத்தியமா வரைக்கும் எழுதிட்டு விட்டாச்சு. லாக்டவுன்ல அனிமே பாத்து ஜாப்பனீஸ் ஆரம்பிச்சு கட்டகானாங்குற எழுத்து வரிசையோட நின்னுபோச்சு. போன வருஷம் பைத்தான் கோடிங், அது ஃபங்ஷன் பாடம் வந்ததும் நின்னுபோச்சு. இப்ப யாரோ ஜெர்மனில ஃபீஸ் இல்லாம படிக்கலாம்ண்டு சொன்னாங்கண்டு ஜெர்மன், அதுலயும் மொத வாரம் இருந்த வேகம் இல்ல. எனக்கு மட்டும் ஏன் எதுலயும் ஆர்வம் நிக்க மாட்டேங்குது, இது எதுவும் வியாதியா, படிச்சது ஏன் மறந்து போகுது, எதை விட்டு எதை புடிக்கட்டும், இதான் கேள்வி. கடைசியில அப்பா மல்லி போட்டிருக்காருண்டு போற போக்குல ஒரு வரி எழுதியிருந்தாப்ல, அந்த வரிதான் எனக்கு புடிச்சது, அதுக்கு அப்புறம் வாரேன்.

மொதல்ல அந்த வியாதி விஷயத்த முடிச்சிருவோம். நான் டாக்டர் இல்ல. சின்ன வயசுல இருந்தே எல்லா எடத்துலயும், வீட்டு வேலையில, பரீட்சை ஹால்ல, ஆளுகளோட பேசிக்கிட்டு இருக்கையிலகூட மனசு நிக்காம பொழப்பே கெடுதுண்டா பெரியாஸ்பத்திரில மனநல ஓபி இருக்கு, போய்க் காட்டு, அதுல வெக்கப்பட ஒண்ணும் இல்ல. புதுசா ஒரு கோர்ஸ் ஆரம்பிச்சு ஒரு மாசத்துல சலிச்சுப் போகுது, அம்புட்டுத்தான் பிரச்சனைண்டா அது ஊருல பாதிப் பேருக்கு இருக்கு, கோர்ஸ் விக்கிறவங்க பாதிப் பேரு பொழப்பே அதுலதான் ஓடுது.

நான் சிம்மக்கல் பக்கம் டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட்டும் கூடவே ஒரு கம்ப்யூட்டர் சென்டரும் வச்சிருக்கேன், ஜாப்பனீஸ்ல என்3ங்குற நடு லெவல் பரீட்சை பாஸ் பண்ணிட்டு சாயங்காலம் ஒரு சின்ன பேட்ச் எடுக்குறேன், அதனால உன்ன மாதிரி பசங்களையும் பாத்திருக்கேன், உனக்கு நேர் எதிரான பசங்களையும் பாத்திருக்கேன். அந்த எதிரான கூட்டம் எதுண்டா டைப்பிங் பசங்க. அதுல எவனும் டைப்ரைட்டர் மேல ஆசைப்பட்டு வந்து சேந்ததில்ல. அம்மா இழுத்துட்டு வந்து சேத்துவிட்டிருக்கும், இல்லாட்டி குரூப் 4ல டைப்பிஸ்ட் போஸ்ட் இருக்குடா, லோயர் ஹையர் முடிச்சு வையிடாண்டு எவனாவது ஒரு மாமா சொல்லிருப்பாரு. வந்து உக்காந்தா மொத பாடம் ஏ எஸ் டி எஃப் ஜி எஃப், அப்புறம் அங்கிட்டு செமிகோலன் எல் கே ஜே ஹெச் ஜே, அதையே தாள் தாளா அடிக்கணும். சுண்டு விரல் வலிக்கும். இதவிட போரான ஒரு படிப்பு ஒலகத்துல இருக்காண்டு எனக்குத் தெரியல. ஆனா பாரு, சேந்தவங்கள்ல பெரும்பாலானவங்க லோயர் பரீட்சை எழுதிட்டுத்தான் போவாங்க, நிமிஷத்துக்கு 30 வார்த்தை, கொஞ்சப் பேரு 45 வார்த்தை ஹையரும் முடிப்பாங்க.

ஆர்வமே இல்லாத பையன் முடிக்கிறான், ஆர்வத்தோட ஆரம்பிச்ச நீ முடிக்கல, ஏன்? அவனுக்கு காலையில ஏழு டு எட்டுண்டு ஒரு ஸ்லாட் இருக்கு, அந்த நேரத்துக்கு அந்த மெஷின் அவனோடது, எட்டு மணிக்கு அடுத்த புள்ள வந்து முதுகுக்குப் பின்னாடி நிக்கும். அடிச்ச தாள என்கிட்ட காட்டணும், தப்பு எல்லாத்தையும் சிவப்புப் பேனாவுல சுழிச்சுக் குடுப்பேன். பிப்ரவரில ஒரு பரீட்சை ஆகஸ்டுல ஒரு பரீட்சை, ஃபீஸ் கட்டியாச்சு. நாலு நாளு வரலண்டா வீட்டுக்கு போன் போகும். இதுல ஆர்வத்துக்கு வேலையே இல்ல, நீ எந்த மனநிலையில வந்தாலும் அந்த ஒரு மணி நேரம் ஓடிரும்.

நான் உனக்குச் சொல்ல வந்தது இனிமேத்தான் வருது. இப்படி வேண்டா வெறுப்பா அடிச்சுக்கிட்டிருக்க பையன் ஒரு நாளு கீபோர்ட பாக்காம ஒரு முழு பாரா அடிச்சுருவான். அடிச்சுட்டு அவனே ஒரு மாதிரி முழிப்பான். அன்னைல இருந்து பாத்தா பத்து நிமிஷம் முன்னாடியே வருவான், பக்கத்து மெஷின் காலியா இருந்தா சார் இன்னும் அரை மணி நேரம் அடிச்சுக்கிறேம்பான், யாரு வேகமா அடிக்கிறாண்டு போட்டி போடுவாங்க. ஆர்வம் வர்ற எடம் அது, கைக்கு கொஞ்சம் வேலை வந்ததுக்கு அப்புறம். நீ ஆரம்பத்துல ஆர்வம்ண்டு நினைச்சது புதுசா ஒண்ண தொடும்போது வர்ற குஷி, அது எல்லாருக்கும் வரும், எல்லாருக்கும் போயிரும், அது போனத வச்சு உன் குணத்தப் பத்தி எந்த முடிவுக்கும் வராத. குஷி போனதுல இருந்து கைக்கு வேலை வர்ற வரைக்கும் நடுவுல ஒரு வறட்டுக் காலம் இருக்கு, அத ஆர்வத்த வச்சு தாண்ட முடியாது, டைப்பிங் பையன் மாதிரி ஒரு ஏற்பாட்ட வச்சுத்தான் தாண்ட முடியும். நீ நாலு தடவையும் நின்னது அந்த எடத்துலதான்.

அந்த எடம் ஒவ்வொண்ணுக்கும் வேற வேற மாதிரி வரும். ஜாப்பனீஸ எடுத்துக்க. ஹிராகானா 46 எழுத்து, கட்டகானா 46 எழுத்து. தெனம் அஞ்சு எழுத்து படிச்சா மூணு வாரத்துல ரெண்டும் முடிஞ்சுரும், நேத்துத் தெரியாத எழுத்து இன்னைக்குத் தெரியுது, முன்னேற்றம் கண்ணுக்குத் தெரியுது, சந்தோஷமா இருக்கும். அடுத்து காஞ்சி, அதான் சீன எழுத்து. அன்றாடப் புழக்கத்துக்குண்டு ஜப்பான் அரசாங்கம் 2010ல போட்ட லிஸ்ட்ல மட்டும் 2136 இருக்கு. அஞ்சு படிச்சா மூணு மறக்கும், ஒவ்வொண்ணுக்கும் ரெண்டு மூணு உச்சரிப்பு, அனிமே போட்டா இன்னும் ஒண்ணும் புரியல. நீ கத்துக்கிட்டேதான் இருக்க, ஆனா தெரியாதது அம்புட்டுப் பெருசா இருக்குறதால கத்துக்கிட்டது கண்ணுலயே படல. கட்டகானா முடிச்ச எடத்துல ஜாப்பனீஸ விட்டவங்களோட நீ கைகுலுக்கணும்ண்டா மாட்டுத்தாவணி வரைக்கும் க்யூ நிக்கும்.

அமெரிக்காவுல வெளியுறவுத் துறை ஆளுகளுக்கு மொழி சொல்லித்தர ஒரு நிறுவனம் இருக்கு, எஃப்எஸ்ஐம்பாங்க. இங்கிலீஷ்காரங்க வேலை செய்யுற அளவுக்கு ஒரு மொழிய பேசணும்ண்டா எத்தன மணி நேரம் வகுப்பு வேணும்ண்டு அவங்க ஒரு கணக்கு வச்சிருக்காங்க. ஸ்பானிஷ்க்கு 600ல இருந்து 750 மணி, இந்தி, தமிழுக்கெல்லாம் 1100 வாக்குல, ஜாப்பனீஸ்க்கு 2200. அதுவும் சம்பளம் குடுத்து உக்கார வச்சு முழுநேரமா படிக்க வைக்கிற ஆளுகளுக்கு. நீ தெனம் அரை மணி நேரம் படிச்சா வருஷத்துக்கு 180 மணி நேரம் சொச்சம். மூணு மாசத்துல சரளமா பேசலாம்ண்டு விளம்பரம் போடுறவன நம்பி ஆரம்பிச்சா மூணாவது மாசம் உனக்கு உன் மேலதான் கோவம் வரும், அவன் மேல வராது. இந்தக் கணக்க பயமுறுத்தச் சொல்லல. கணக்கு தெரிஞ்சிருந்தா நீ ஒரு மாசத்துல எதிர்பாத்ததே வேற மாதிரி இருந்திருக்கும்.

அந்த 2200ங்குறது நமக்கு அப்படியே பொருந்தாது, அதையும் சொல்லிடணும். இங்கிலீஷ்காரனுக்கு ஜாப்பனீஸ் வாக்கியம் தலைகீழா இருக்கும், நமக்கு அது நம்ம வாக்கியம். வதாஷி வா மிஜு ஓ நொமிமாஸ்ண்டா நான் தண்ணிய குடிக்கிறேன், வினை கடைசில வருது, நம்ம 'ஐ' உருபு எங்க வருமோ அங்க 'ஓ' வருது. வதாஷி மோண்டா நானும். தபேத்தே மிருண்டா சாப்பிட்டுப் பாக்குறது, அந்தப் 'பாக்குறது'கூட அப்படியே இருக்கு. என் பேட்ச்ல கிராமரத் தமிழ்ல சொன்னா பசங்க டக்குண்டு புடிச்சுக்குவாங்க, நீ யூடியூப்ல இங்கிலீஷ்காரன் இங்கிலீஷ்காரனுக்கு எடுத்த பாடத்தப் பாத்து தேவையில்லாம கஷ்டப்பட்டிருப்ப. இத வச்சு ரெண்டும் ஒரே குடும்பம்ண்டு சொல்ற வாட்ஸ்அப் பார்வர்ட நம்பாத, மொழியியல்காரங்க பெரும்பாலானவங்க அத ஏத்துக்கல. காஞ்சிக்கு மட்டும் நமக்கு எந்தச் சலுகையும் கிடையாது.

பைத்தான் விஷயம் வேற. அங்க வறட்சி வர்றது பாடத்த விட்டு வெளிய வர்ற எடத்துல. வீடியோல அவரு டைப் பண்றாரு, நீயும் டைப் பண்ற, ஓடுது, எல்லாம் புரிஞ்ச மாதிரி இருக்கு. ஒரு நாளு காலி ஸ்க்ரீன தொறந்து சொந்தமா எழுதலாம்ண்டு உக்காந்தா ஒரு வரிகூட வராது. அப்ப என்ன செய்வோம், நமக்கு இன்னும் அடிப்படை பத்தலண்டு இன்னொரு கோர்ஸ மொதல்ல இருந்து ஆரம்பிப்போம். அதுலயும் மொத பத்து வீடியோ நல்லாப் புரியும், ஏன்னா அது ஏற்கனவே தெரிஞ்சது. இப்படியே வருஷக்கணக்கா பிரிண்ட் ஹலோ வேர்ல்டு போட்டுக்கிட்டு இருக்க ஆளுகள எனக்குத் தெரியும்.

நீ ஃபங்ஷன்ல நின்னேண்டு சொன்னதும் எனக்கு ஒரு சந்தேகம், அநேகமா ரிட்டர்ன்க்கும் பிரிண்ட்டுக்கும் வித்தியாசம் புரியாம நின்னிருப்ப. என் சென்டர்ல பத்துல ஏழெட்டு பேரு அங்கதான் முட்டுவாங்க. பிரிண்ட் போட்டா விடை உன் கண்ணுக்குத் தெரியும், அம்புட்டுத்தான், புரோகிராம் கைக்கு அது வராது. ரிட்டர்ன் போட்டாத்தான் கூப்பிட்ட எடத்துக்கு விடை போய்ச் சேரும். ஃபங்ஷனுக்குள்ள பிரிண்ட் மட்டும் போட்டுட்டு அந்த விடைய ஒரு வேரியபிள்ல புடிச்சுக் கூட்டப் பாத்தா 'நன்'ண்டு (None, ஒண்ணுமில்லண்டு அர்த்தம்) வந்து நிக்கும், ஒரு எழவும் புரியாது, லேப்டாப்ப மூடிட்டுப் போயிருவோம். மேத்ஸ்காரன் நீ, ஃபங்ஷன்ங்குறது உனக்கு புதுசா என்ன, எக்ஸ் குடுத்தா ஒய் திரும்பி வரணும், அந்த வர்றதுதான் ரிட்டர்ன். இத யாராவது பக்கத்துல உக்காந்து சொல்லியிருந்தா நீ அன்னைக்கு நின்னிருக்க மாட்ட. ஆர்வம் போச்சுண்டு நாம சொல்றதுல நெறைய இந்த மாதிரி ஒரு முட்டுக்கட்டைதான், தாண்ட அரை மணி நேரம் போதும், ஆனா தனியா இருந்தா அது தெரியாது. அதே மாதிரி எரர் வந்தா செவப்பா பத்து வரி வருதுல்ல, அதுல கடைசி வரிய மொதல்ல படி. நேம் எரரா, இண்டென்டேஷன் எரரா, கீ எரராண்டு அதுல இருக்கும், எந்த வரியில தப்புங்குறது அதுக்கு மேல இருக்கும்.

படிச்சது மறந்து போறதப் பத்தியும் கேட்டிருந்த. 2006ல ரோடிகர், கார்பிக்கேண்டு ரெண்டு பேரு ஒரு சோதனை பண்ணாங்க. ஒரு பத்திய ஒரு கூட்டம் திரும்பத் திரும்பப் படிச்சுச்சு, இன்னொரு கூட்டம் படிச்சுட்டு புத்தகத்த மூடி வச்சுட்டு ஞாபகத்துல இருந்து எழுதிப் பாத்துச்சு. அஞ்சு நிமிஷம் கழிச்சுக் கேட்டா திரும்பப் படிச்சவங்கதான் ஜாஸ்தி சொன்னாங்க, ஒரு வாரம் கழிச்சுக் கேட்டா எழுதிப் பாத்தவங்க நல்லா முந்திட்டாங்க. இதுல என்ன வில்லங்கம்ண்டா திரும்பப் படிக்கும்போது மனசுக்கு நல்லாருக்கும், எழுதிப் பாக்கும்போது நமக்கு ஒண்ணுமே தெரியலையேண்டு எரிச்சலா இருக்கும். அந்த எரிச்சலத்தான் நீ ஆர்வம் கொறைஞ்சு போச்சுண்டு எடுத்துக்குற. உண்மையில உருப்படியா படிக்கிற நேரம் அதுதான். ஜாப்பனீஸ் வார்த்தைக்கு ஆங்கிண்டு ஒரு சாஃப்ட்வேர் இருக்கு, ஆண்ட்ராய்டுல காசில்லாம கிடைக்கும், நீ மறக்கப்போற சமயமாப் பாத்து அந்த வார்த்தைய திருப்பிக் கேக்கும். தெனம் புது வார்த்தை அஞ்சுக்கு மேல வைக்காத, இருபது வச்சா ரெண்டே வாரத்துல தெனம் எரநூறு கார்டு வந்து நிக்கும், அத்தோட அந்த ஆப்ப அழிச்சிருவ.

ஆப்ல எத்தன நாளு தொடர்ச்சியா வந்தேண்டு ஒரு கணக்கு ஓடும்ல, அது ஒரு அளவுக்குத்தான் நல்லது. ராத்திரி 11.50க்கு அரைத் தூக்கத்துல நாலு ஈசி கேள்விய தட்டி கணக்க காப்பாத்துறவன் மொழிய படிக்கல, கணக்கத்தான் காப்பாத்துறான். ஒரு நாளு விட்டா மொத்தமும் போச்சுண்டு விட்டுடுறதும் அதே ஆளுதான். லண்டன் யுனிவர்சிட்டி காலேஜ்ல 96 பேர வச்சு, ஒரு பழக்கம் தன்னால வர எம்புட்டு நாளாகும்ண்டு பாத்தாங்க, தெனம் ஒரு பழம் சாப்பிடுறது, சாப்பாட்டுக்கு முன்னாடி ஓடுறது மாதிரி சின்னச் சின்ன விஷயம். நடுவாந்திரமா 66 நாளு, ஆனா ஆளுக்கு ஆள் 18 நாள்ல இருந்து 254 நாள் வரைக்கும் வித்தியாசம். 21 நாள்ல பழக்கம் வந்துரும்ண்டு சொல்ற மோட்டிவேஷன் ஸ்பீக்கர் கூட்டத்துக்கு இத யாராவது அனுப்பணும். இன்னொண்ணும் அதுல தெரிஞ்சுச்சு, நடுவுல ஒரு நாளு விட்டதால பெருசா ஒண்ணும் கெட்டுப்போகல. சித்திரைத் திருவிழாவுக்கு ஆத்துல அழகர் எறங்குறதப் பாக்கப் போனியா, போ, மறுநாளு வந்து உக்காரு.

மொழிய ஏன் படிக்கிறோம்ங்குறதப் பத்தி கனடாவுல கார்ட்னர், லாம்பர்ட்டுண்டு ரெண்டு பேரு 1959லயே எழுதிருக்காங்க. வேலைக்கு பரீட்சைக்குண்டு படிக்கிறது ஒரு வகை, அந்த ஆளுகளோட சேந்து பழகணும்ண்டு படிக்கிறது இன்னொரு வகை. எது ஒசத்திண்டு அப்புறம் நெறைய சண்டை நடந்துச்சு, அது நமக்கு வேணாம். மதுரையிலயே பாரு, சௌராஷ்டிராக்காரங்க வீட்டுல ஒரு பாஷை வாசல்ல ஒரு பாஷைண்டு காலங்காலமா இருக்காங்க, எவனும் கோர்ஸ் போகல. புது மண்டபத்துல கடை இருந்த காலத்துல டெய்லர் அண்ணன்மாரு வெள்ளைக்காரங்ககிட்ட ஃப்ரெஞ்சு, இத்தாலியன்ல வெல சொல்லிக் கூப்பிடுவாங்க, இலக்கணம் கேட்டா சிரிப்பாங்க. அவங்களுக்கு அந்த மொழியில தெனமும் ஒரு ஆள் எதுத்தாப்ல நின்னான், பேசினா சட்டை வித்துச்சு. உனக்கு இந்தில எவன் எதுத்தாப்ல நின்னான்? யாரும் இல்ல. பிராத்மிக், மத்தியமாண்டு பரீட்சை இருந்த வரைக்கும் படிச்ச, பரீட்சைய நிறுத்துன, மொழியும் நின்னுச்சு. அதுல வருத்தப்பட என்ன இருக்கு. எழுத்துக் கூட்டி படிக்கத் தெரியும்ல, அது போதும், நாளைக்கு டெல்லிக்கு வேலைக்குப் போனா ஆறு மாசத்துல மீதி வந்துரும். இந்திய விட்டுட்டேன்ண்டு லிஸ்ட்ல சேக்காத, அது முடிஞ்சு போன விஷயம்.

ஜெர்மனையும் இப்போதைக்கு விடு. காரணம் சொல்றேன். அங்க அரசு யுனிவர்சிட்டில பெரும்பாலும் ட்யூஷன் ஃபீஸ் இல்லங்குறது நெசந்தான், ஆனா பாடன்-வூர்ட்டம்பெர்க் மாநிலத்துல நம்மள மாதிரி வெளிநாட்டுப் பசங்களுக்கு செமஸ்டருக்கு 1500 யூரோ உண்டு. விசாவுக்கு ஒரு வருஷ செலவுக் காச முன்கூட்டியே பிளாக்டு அக்கவுண்ட்ல போட்டுக் காட்டணும், 2024 செப்டம்பர்ல அது 11,904 யூரோ ஆச்சு, நம்ம காசுல பத்து லட்சத்துக்கு மேல. ஃபீஸ் இல்லண்டு சொன்ன ஆளு இதச் சொன்னாரா? நம்ம மூணு வருஷ டிகிரிய அங்க சில யுனிவர்சிட்டி அப்படியே ஏத்துக்காது, அதையும் விசாரிக்கணும். ஜெர்மன் மொழியிலயே மாஸ்டர்ஸ் படிக்கணும்ண்டா பொதுவா சி1ங்குற மேல் லெவல் கேப்பாங்க, ஏ1ங்குற ஆரம்ப லெவல்ல இருந்து அது ரொம்ப தூரம், இங்கிலீஷ்ல நடத்துற கோர்ஸ்ண்டா மொதல்ல உன் இங்கிலீஷும் உன் மேத்ஸ் மார்க்கும்தான் பேசும். வீட்டுல உக்காந்து இதெல்லாம் பேசி முடிவு பண்ணிட்டு, போறதுதான்ண்டு உறுதியானா அன்னைக்கு ஆரம்பி, அப்ப வேகம் தன்னால வரும்.

பாக்கி ரெண்டு. பைத்தான முன்னாடி வை, ஜாப்பனீஸ சின்னதா ஓட விடு. ரெண்டையும் ஒரே அளவு வச்சா ரெண்டும் போயிரும்.

பைத்தானுக்கு உன் அப்பா மல்லி. இதத்தான் அப்புறம் வாரேண்டேன். மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்ல மல்லி ரேட்டு எப்புடி ஆடும்ண்டு உனக்கு நான் சொல்லணுமா, முகூர்த்த நாளு, பொங்கல்ண்டா எங்கயோ போகும், மார்கழி தை பனியில வரத்து கொறைஞ்சு ரெண்டாயிரத்த தாண்டும், வைகாசி ஆனியில வரத்து கூடி முகூர்த்தமும் இல்லாத வாரத்துல பறிகூலிக்கே கட்டாது. இந்த மாதிரி ஒரு உயிருள்ள டேட்டா எந்த ஆன்லைன் கோர்ஸ்லயும் உனக்குத் தர மாட்டாங்க, அவங்க குடுக்குறது டைட்டானிக் கப்பல்ல எத்தன பேரு செத்தாங்கங்குறதுதான். தெனம் ரேட்ட ஒரு ஃபைல்ல போடு, ஏழு நாள் சராசரி எடு, முகூர்த்த நாளுக்கு எத்தன நாளு முன்னாடி ஏறுதுண்டு பாரு. சராசரி, விலக்கம் எல்லாம் நீ படிக்கிற பாடம்தானே. ஒண்ணு தெரியலண்டா தெரியாத அந்த ஒண்ண மட்டும் தேடிப் படி, கோர்ஸ மொதல்ல இருந்து போடாத. அப்பா ஒரு நாளு, ஏப்பா அடுத்த வாரம் எப்புடி இருக்கும்ண்டு உன்கிட்ட கேப்பாரு, அவருக்கு உன்ன விட நல்லாவே தெரியும், இருந்தாலும் கேப்பாரு. எதுத்தாப்ல நிக்கிற ஆளு அவருதான்.

அடிப்படைய தமிழ்ல படிக்கணும்ண்டா நம்ம பிளஸ் டூ கம்ப்யூட்டர் சயின்ஸ் புத்தகத்துல பைத்தான் இருக்கு, தமிழ் மீடியம் புத்தகமே நெட்ல சும்மா கிடைக்குது, நடை கொஞ்சம் கரடுமுரடா இருந்தாலும் ஃபங்ஷன் பாடம் தேவலாம். அப்புறம் ஐஐடிகள் சேந்து ஆன்லைன்ல பாடம் நடத்துற என்பிடெல்ல சென்னை மேத்தமேட்டிகல் இன்ஸ்டிட்யூட் மாதவன் முகுந்த் சார் எடுத்த பைத்தான் கோர்ஸ் இருக்கு, எட்டு வாரம், வாராவாரம் அசைன்மென்ட், கடைசில சென்டருக்குப் போய் எழுதுற பரீட்சை, அசைன்மென்ட்டுக்கும் மார்க் உண்டு, பரீட்சைக்கும் உண்டு. பாடம் சும்மா, பரீட்சைக்கு மட்டும்தான் காசு, அந்தக் காச கட்டிரு. நான் டைப்பிங்குக்குச் சொன்னேன்ல ஏற்பாடு, தேதி, ஃபீஸ், திருத்திக் குடுக்க ஒரு ஆளு, அது எல்லாம் அதுல இருக்கு. ஆனா அது மேத்ஸ்காரங்களுக்கு ருசிக்கும், லேசான கோர்ஸ் இல்ல, அதனால மல்லி ஃபைல் ஒரு மாசம் ஓடுனதுக்கு அப்புறம் சேரு.

எப்ப படிக்கிறது? பஸ்ல கோடு எழுதலாம்ண்டு கனவு காணாத, செக்கானூரணி தாண்டி கூட்டம் எறங்குற வரைக்கும் நிக்க எடம் கிடைக்குறதே பெருசு. பஸ்ஸு ஆங்கிக்கு, ஒத்தக் கையில கம்பியப் புடிச்சுக்கிட்டு இன்னொரு கையில தட்டலாம். கோடிங்குக்கு காலேஜ் முடிஞ்சதும் லேப்ல ஒரு மணி நேரம், லேப் இல்லாத நாளு புதுநத்தம் ரோட்டுல கலைஞர் நூலகம், 2023ல தொறந்தது, அரப்பாளையத்துல இருந்து சுத்துதான், வாரத்துக்கு ஒரு நாளு சனிக்கிழமை போ. அங்க டிஎன்பிஎஸ்சிக்கு படிக்கிற கூட்டத்தப் பாத்தாலே நமக்கும் உக்காரத் தோணும். வகுப்புல இன்னொருத்தன கூட்டு சேத்துக்க, ரொம்ப நெருங்குன பிரெண்டு வேணாம், அவன் கூட போனா ஜிகர்தண்டாவுலதான் முடியும். கொஞ்சம் கூச்சப்படுற மாதிரி ஒருத்தன், வராட்டி என்ன நினைப்பானோண்டு உனக்குத் தோணணும்.

ஜாப்பனீஸ்க்கு ஜேஎல்பிடிங்குற பரீட்சையில என்5, அதான் ஆரம்ப லெவல், எழுதுறதுண்டு வச்சுக்க. வருஷத்துக்கு ரெண்டு தடவை, ஜூலை, டிசம்பர் மொத ஞாயித்துக்கிழமை, சென்னையில சென்டர் இருக்கு. 180க்கு 80 எடுத்தா பாஸு, ஆனா காதுல கேட்டு எழுதுற பகுதியில 60க்கு 19, மத்ததுல 120க்கு 38 தனித்தனியா வரணும். பேசுற பரீட்சை அதுல கிடையாது, அதனால என்5 பாஸ் பண்ணவன் பேசுவான்ண்டு அர்த்தம் இல்ல, சிலர் அத வச்சு ரொம்ப அலட்டிக்குவாங்க. அனிமே பாக்குறத விடாத, சப்டைட்டில எடுத்துட்டு ஏற்கனவே பாத்த எபிசோட திரும்பப் பாரு, காது பைய தொறக்கும்.

நீ கேக்காத ஒண்ணு, இங்கிலீஷ். நாலு மொழி லிஸ்ட்ல அது இல்ல, ஆனா எரர் மெசேஜ், டாக்குமென்டேஷன், இன்டர்வியூ எல்லாம் அதுல. தமிழ் மீடியம் பசங்க இத தனியா ஸ்போக்கன் இங்கிலீஷ் கிளாஸ்ல தேடுறாங்க, எனக்கு அதுல பெரிய நம்பிக்கை இல்ல. தெனம் பைத்தான் டாக்குமென்டேஷன்ல ஒரு பத்தி, டிக்ஷனரி வச்சு, எழுதிப் படி, நீ செஞ்ச மல்லி வேலைய நாலு வரி இங்கிலீஷ்ல எழுதி வை. சொல்ல ஒரு விஷயம் கையில இருந்தா பாஷை அதுக்குப் பின்னாடி வந்துரும்.

சாட்ஜிபிடி இருக்கையில இதெல்லாம் எதுக்குண்டு ஒரு சோர்வு இப்ப எல்லாப் பசங்களுக்கும் இருக்கு, என் சென்டர்லயும் கேக்குறாங்க. மல்லி ரேட்டு புரோகிராம அது ஒரு நிமிஷத்துல எழுதிக் குடுத்துரும், ஒத்துக்கிறேன். ஆனா ரேட்டு வராத நாள அது பூஜ்ஜியம்ண்டு எடுத்துக்கிட்டு சராசரி போட்டிருந்தா, விடை தப்புண்டு அதுவா வந்து சொல்லாது, மல்லி கிலோ 400க்கு கீழ அந்த வாரம் போகவே இல்லையேண்டு உனக்குத்தான் உறுத்தணும். எரர் புரியலண்டா அதுகிட்ட கேளு, என்ன தப்புண்டு விளக்கச் சொல்லு, மொத்தமா எழுதித் தரச் சொல்லாத, மொத மூணு மாசத்துக்காவது.

ஃபைல் ஆரம்பிக்கிறதுக்கு: மொத காலம்ல (column) தேதி, அடுத்து மல்லி கிலோ ரேட்டு, அடுத்து அப்பா அன்னைக்கு எத்தன கிலோ போட்டாரு, நாலாவது முகூர்த்தமா இல்லையாண்டு ஒண்ணு அல்லது பூஜ்ஜியம், தெனசரி காலண்டர பாத்தாப் போதும். தேதிய 2025-01-14 மாதிரி வருஷம் மொதல்ல வச்சு எழுது, வரிசை கெடாது. மார்க்கெட் லீவுண்டா ரேட்ட காலியா விடு, பூஜ்ஜியம் போட்டா சராசரி சாஞ்சிரும், காலியா விட்டா பாண்டாஸ், பைத்தான்ல டேட்டா கணக்குப் போடுற லைப்ரரி, அத கணக்குல எடுக்காது. பழைய ரேட்டுக்கு கமிஷன் கடைச் சீட்டு வீட்டுல எங்கயாவது கம்பியில குத்தி வச்சிருப்பாரு, அம்மாட்ட கேளு, அவரு தூக்கிப் போட்டிருந்தாலும் அவங்க போட்டிருக்க மாட்டாங்க.